தகப்பன் பக்கத்து மேசை

றோஸ் ஒஸ்லோவில், ட்வெய்ட்டாவின் உயரமான குடியிருப்புகளில் ஒன்றில் தனியே இருக்கிறாள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் காலை வேலை. ஒருமுறை கலியாணப் பேச்சு வந்து நின்றுபோனது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "அது அப்பிடியே போட்டுது" என்பாள். தன்னைப் பற்றி மட்டுமல்ல, மற்றவர்களைப் பற்றியும் அவள் கதைப்பதில்லை. அவளிடம் சொன்னால் வெளியே போகாது என்று ஒரு பெயர் இருந்தது. சமையலறையில் வேலை செய்த பெண்கள் தங்கள் வீட்டுச் சண்டைகளை அவளிடம் கொண்டுவந்து கொட்டினார்கள். அவள் உருளைக்கிழங்கு சீவியபடி கேட்டுக்கொண்டிருப்பாள். சென்ற வைகாசி வரை அந்தப் பெயர் இருந்தது.

அவளுடைய ஊர் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம், கரம்பொன். பத்தொன்பது வயதில் வட நோர்வேயின் ஹம்மர்பெஸ்ட்டுக்கு வந்தாள். தகப்பனின் தம்பி அருளானந்தன் அங்கே மீன் தொழிற்சாலையில் இருந்தார். அவர்தான் அவளை எடுப்பித்தார். தாயும் தகப்பனும் இல்லாமற்போன பிறகு அவளுடைய தம்பி ஜெனிஸ்ரனையும் அவரே எடுப்பித்தார். தம்பி அப்போது சின்னப் பையன். றோஸ் மீன் வெட்டினாள், தம்பி படித்தான். பிறகு எல்லோரும் தெற்கே ஒஸ்லோவுக்கு வந்தார்கள். சித்தப்பா ரொம்மனில் வீடு வாங்கினார்.

ஜெனிஸ்ரன் ஹன்னா என்ற பெண்ணை விரும்பினான். ஒஸ்லோவில் பிறந்தவள், யூதப் பெண். றோஸின் வீட்டார் கத்தோலிக்கர். கலியாணம் நகரசபையில் நடந்தது.

"பூசை இல்லாத கலியாணத்துக்கு நான் வாறேல்லை," என்று சித்தப்பா சொன்னார். சொன்னபடி வரவில்லை. அவர் வராததால் மற்ற உறவினரும் வரவில்லை. அன்று தம்பியின் பக்கத்தில் நின்றவள் றோஸ் ஒருத்திதான். அதற்குப் பிறகு சித்தப்பா அவளோடும் கதைப்பதில்லை. ரொம்மனுக்கும் ட்வெய்ட்டாவுக்கும் இடையில் சுரங்க ரயிலில் ஒருதரம் மாறி ஏறினால் போதும். ஒருவரும் ஏறவில்லை. தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் காண்பார்கள். சமாதானம் சொல்லும் நேரத்தில் சித்தப்பா பின்வரிசைக்குத் திரும்பி, றோஸுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கும் அந்தப் பக்கம் நிற்பவருக்கும் கை கொடுப்பார்.

ஜெனிஸ்ரனுக்கும் ஹன்னாவுக்கும் ஒரே மகள், எமிலியா. சிறுவயதிலிருந்து புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் முடிய மாமி றோஸிடம் வந்துவிடுவாள். றோஸ் அவளுக்குத் தமிழ் எழுத்து காட்டிக்கொடுத்தாள். புத்தகம் இல்லை. அரிசிப் பை, மிளகாய்த்தூள் பெட்டி, தேவாலய அறிவித்தல். பிள்ளை எதையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள். பாதிக்கு அர்த்தம் தெரியாது.

யூதப் பெண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதில் பாட் மிட்ஸ்வா வரும். அன்றிலிருந்து பிள்ளை பெரியவர்களில் ஒருத்தி. சபைக்கு முன்னால் நின்று எபிரேயத்தில் வாசிக்க வேண்டும், தான் படித்ததைப் பற்றிப் பேச வேண்டும். எமிலியா குளிர்காலம் முழுவதும் அதற்காகப் படித்தாள். புதன்கிழமைகளில் றோஸின் சோபாவில் ஏறி நின்று பேசிப் பார்ப்பாள். றோஸ் சபையாக இருந்து கைதட்டுவாள்.

சித்திரைக் கடைசியில் ஒரு புதன்கிழமை எமிலியா குளியலறைக்குள் போய் நெடுநேரம் வரவில்லை.

"மாமி," என்றாள் உள்ளிருந்து. குரல் சின்னதாக இருந்தது.

றோஸ் கதவை ஒரு கை நுழையும் அளவு திறந்து, தேவையானதைக் கொடுத்தாள். பிறகு தேத்தண்ணி போட்டாள். எமிலியா வந்து கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மம்மாவுக்குச் சொல்லாதையுங்கோ."

"ஏன் குஞ்சு? அம்மாவுக்குத் தெரிய வேணும்."

"தெரியட்டும். இப்ப வேண்டாம். மம்மா இதைப் பற்றி நிறையக் கதைப்பா. புத்தகம் வேண்டித் தருவா. எனக்கு இப்ப அது ஏலாது. பாட் மிட்ஸ்வா முடிய நானே சொல்லுவன். பப்பாவுக்கும் வேண்டாம். ஒருத்தருக்கும் வேண்டாம்."

"நான் ஏன் சொல்லப்போறன்?"

"லோவர் டு?" என்று கேட்டாள். சத்தியமா என்று.

"சத்தியமா," என்றாள் றோஸ்.

அடுத்த வாரம் ஹன்னா வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். விழா ஞாயிற்றுக்கிழமை, யூதரின் கோவிலான சினகோக்கில். வாசிப்பு முடிந்ததும் கீழ் மண்டபத்தில் மதியச் சாப்பாடு. ஹன்னாவின் ஆட்கள் துரொண்ட்ஹைமிலிருந்தும் மால்மோவிலிருந்தும் கோப்பன்ஹேகனிலிருந்தும் வருகிறார்கள். யாரை எந்த மேசையில் இருத்துவது என்று அவள் கரண்டிகளை மேசையில் வைத்துக் காட்டினாள்.

"இது ஜெனியின் பக்கத்து மேசை," என்று ஒரு சின்னக் கரண்டியை வைத்தாள். "உன்னை இங்கே போட்டிருக்கிறேன், றோஸ். ஜெனியின் வேலையிடத்து ஆட்களையும் போட்டிருக்கிறேன், நீ தனியாக இருக்காமல்."

ஹன்னா அன்பாகத்தான் சொன்னாள். எப்போதும் அன்பாகத்தான் சொல்வாள். ஜெனிஸ்ரன் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பப்பாவுக்கு வேற ஆக்களே இல்லையா?" என்று எமிலியா கேட்டாள்.

"இருக்கினம்," என்றான் அவன். "ரொம்மனிலை."

ரயிலில் வீட்டுக்குத் திரும்பும்போது றோஸின் கண்ணுக்குள் அந்த மேசை நின்றது. மண்டபம் நிறையச் சனம். நடுவில் ஒரு மேசையில் சேலை கட்டிக்கொண்டு அவள் ஒருத்தி. பக்கத்தில் முன்பின் தெரியாத இரண்டு பொறியியலாளர்கள். தகப்பன் பக்கம் இவ்வளவுதான் என்று எல்லோரும் பார்ப்பார்கள். முகம் சுட்டது.

இரண்டு நாள் கழித்து ரொம்மனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"சித்தப்பா, நான் றோஸ் கதைக்கிறன்."

"எந்த றோஸ்?"

"கரம்பொன் றோஸ்."

"ஓ. இருக்கிறியளோ?"

"ஜெனியின்ரை பிள்ளைக்கு ஒரு விழா. நீங்களும் சின்னம்மாவும் வரவேணும். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு."

"எங்கை?"

"அவையின்ரை கோவிலிலை."

"எனக்கு அங்கை என்ன அலுவல்?"

பின்னால் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது. அவர் தொலைபேசியை வைத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"பிள்ளை பெரிசாகீட்டாள், சித்தப்பா."

தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

"எப்ப?"

"சித்திரையிலை."

"ஆர் ஆருக்குத் தெரியும்?"

"முதல் உங்களுக்குத்தான் சொல்லுறன்."

"தண்ணி வார்த்ததோ?"

"இல்லை."

"அப்ப இதுதான் அந்த விழாவோ?"

"பன்னெண்டு வயசிலை அவையளும் செய்யிறவை. அவையின்ரை முறையிலை."

சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. சேர்த்துப் பார்த்தால் பொய். சொல்லும்போதே அது அவளுக்குத் தெரிந்தது.

"எட," என்றார் சித்தப்பா. குரல் மாறியிருந்தது. "தகப்பன் பக்கம் ஆக்கள் இல்லாமல் என்னெண்டு சாமத்தியவீடு செய்யிறது? அந்தப் பொடியனுக்குத்தான் புத்தியில்லை. நீயாவது சொன்னியே. நாங்கள் வாறம் பிள்ளை. முறையா வாறம்."

றோஸ் பெரிசானபோது நடந்த சாமத்தியவீடும் சித்தப்பா நடத்தியதுதான். அப்போது அவர் இளைஞர். ஒலிபெருக்கியைத் தானே மரத்தில் ஏறிக் கட்டினார். றோஸுக்கு என்ன நடந்திருக்கிறது என்று ஊர் முழுவதற்கும், கடலில் நின்ற வள்ளங்களுக்கும் பாட்டாகச் சொல்லப்பட்டது. படங்களில் அவள் தலையைக் குனிந்தபடி இருக்கிறாள். பார்த்தவர்கள் எல்லோரும் பிள்ளைக்கு நல்ல வெட்கம் என்று மெச்சினார்கள். செத்துப்போனால் நல்லது என்று தான் அப்போது நினைத்ததை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஆக, அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தொலைபேசி எடுத்தாள்.

ஹன்னாவிடம் பெயர்களைக் கொடுத்தபோது ஹன்னா அவளைக் கட்டிப்பிடித்தாள். ஜெனிஸ்ரன் நம்பவில்லை.

"சித்தப்பாவோ? என்னெண்டு அக்கா?"

"கேட்டனான். ஓம் எண்டிட்டார்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கும் அப்போது செய்தது சரி என்று பட்டது.

ஞாயிறு காலை சித்தப்பா வீட்டார் இரண்டு கார் நிறைய வந்தார்கள். பூசை தவறக் கூடாது என்று முதல்நாள் மாலைப் பூசைக்கே போய்விட்டு வந்திருந்தார்கள். சித்தப்பா கோட்டு சூட்டு. அவர் மனைவி சின்னம்மா பட்டுச்சேலை. மகன் ஜெனுசன், தோளில் வீடியோ கமரா. அவன் மனைவி மிதுனா. எல்லோர் கையிலும் தட்டங்கள். வாசலில் நின்ற காவல்காரர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"இது என்ன?"

"ரோல்ஸ்," என்றான் ஜெனுசன். "உள்ளே ஆட்டிறைச்சி."

காவல்காரர் மன்னிப்புக் கேட்டார். வெளிச்சாப்பாடு உள்ளே போக முடியாது.

"என்னவாம்?" என்றாள் சின்னம்மா.

"சாப்பாடு விடமாட்டினமாம்."

"பண்டி இறைச்சி இல்லை எண்டு சொல்லு."

"சொன்னனான் அம்மா. சட்டியும் அவையின்ரையா இருக்கவேணுமாம்."

"விடிய எழும்பிப் பொரிச்சது. உந்தப் பொடியனாவது தின்னட்டும்," என்று ஒரு தட்டத்தைக் காவல்காரரின் கையில் வைத்தாள்.

பலகாரத் தட்டங்கள் காவல் அறையில் நின்றுவிட்டன. பூத்தட்டமும் வளையல் தட்டமும் சேலைத் தட்டமும் உள்ளே போயின. சேலை சிவப்பு. பெரிசான பிள்ளைக்குக் கட்டும் சேலை என்று றோஸ் கண்டுகொண்டாள். ஜெனுசன் நீளமான மட்டைக் குழாய் ஒன்றை அக்குளில் வைத்திருந்தான்.

"அது என்ன?"

"சேர்ப்ரைஸ் அக்கா," என்று கண்ணைச் சிமிட்டினான்.

றோஸ் சின்னம்மாவை ஒரு பக்கமாக இழுத்தாள்.

"சின்னம்மா, இஞ்சை அந்தக் கதை வேண்டாம். இவையள் உதை வெளியிலை கதைக்கிறேல்லை."

"எனக்குத் தெரியாதே பிள்ளை? சபையிலை நிண்டு ஆர் உதைக் கதைக்கிறது?"

ஆண்களுக்கு வாசலில் சின்னத் தொப்பி கொடுத்தார்கள். சித்தப்பாவின் வழுக்கையில் அது நிற்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"உங்களைப் பார்க்க ஆயர் மாதிரிக் கிடக்கு," என்றாள் சின்னம்மா.

"சும்மா இரப்பா. கோவிலுக்குள்ளை வந்திட்டம்."

எமிலியா வாசித்தாள். எங்கும் தடுமாறவில்லை. பிறகு நோர்வேஜிய மொழியில் பேசினாள். சோபாவில் ஏறி நின்று பேசிய அதே பேச்சு. றோஸுக்கு அது மனப்பாடம். பேச்சு முடிந்ததும் ஹன்னா எழுந்து ஒரு வரி சொன்னாள். யூதகுரு அதை எல்லோருக்கும் விளக்கினார்: இதுவரை இந்தப் பிள்ளையின் பிழைகளுக்குப் பெற்றோர் பொறுப்பு, இன்றிலிருந்து அவள் பிழை அவளுடையது. சனம் சிரித்தது. மிட்டாய்களை எமிலியாவை நோக்கி எறிந்தார்கள். எறியச் சொல்லித் தமிழருக்கும் கொடுத்திருந்தார்கள். சித்தப்பா தன்னுடையதை ஏற்கனவே வாய்க்குள் போட்டிருந்தார்.

எல்லோரும் கீழ் மண்டபத்துக்கு இறங்கினார்கள். ஜெனுசன் முன்னரே இறங்கியிருந்தான். ரொட்டி வைத்த மேசைக்குப் பின்னால், சுவரில், ஒரு பதாகை தொங்கியது. எமிலியாவின் படம், சுற்றிவரத் தாமரைப் பூக்கள், ஓரத்தில் இரண்டு மயில். நடுவில் தங்க நிறத்தில் பெரிய எழுத்து.

ஜெனிஸ்ரன் வாசலிலேயே நின்றுவிட்டான். பிறகு வேகமாக நடந்து பதாகையின் ஒரு மூலையைப் பிடித்தான். ஹன்னாவின் தாய் அவன் கையைத் தடுத்தாள்.

"ஏன் கழற்றுகிறாய்? எவ்வளவு அழகான எழுத்து! எமிலியா, உனக்கு இதை வாசிக்கத் தெரியுமே. வா, எங்களுக்கு வாசித்துக் காட்டு."

எமிலியா வந்தாள். அன்று அவள் எதையும் வாசிக்கத் தயாராக இருந்தாள். எழுத்தின் கீழ் விரலை வைத்தாள். மண்டபம் அமைதியானது. கோப்பன்ஹேகன் ஆட்கள் தொலைபேசியைத் தூக்கிப் படம்பிடித்தார்கள்.

"செல்வி… எமிலியாவின்… பூப்… பூப்புனித… நீராட்டு விழா."

கைதட்டினார்கள். சித்தப்பாவின் மேசையில் இன்னும் பலமாகத் தட்டினார்கள். தகப்பன் பக்கத்து மேசை நிறைந்திருந்தது. அடுத்த மேசையிலிருந்து கதிரை எடுக்க வேண்டியிருந்தது.

"என்ன அர்த்தம்?" என்றாள் ஹன்னாவின் தாய்.

"எமிலியாவின் விழா. மற்றச் சொல் எனக்குத் தெரியாது." எமிலியா திரும்பினாள். "மாமி, அது என்ன?"

எல்லோரும் றோஸைப் பார்த்தார்கள்.

"வாழ்த்து," என்றாள் றோஸ். அவளுடைய நோர்வேஜிய மொழி தடுமாறியது. "பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று வாழ்த்து."

அத்தோடு முடிந்திருக்கும். ஜெனுசன் கமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான். ஹம்மர்பெஸ்ட்டில் பிறந்தவன். நல்ல மனம், நல்ல நோர்வேஜிய மொழி. இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைக்க ஆசைப்பட்டான்.

"அதைவிட அழகானது," என்றான். "எங்கள் பெண்பிள்ளைகளுக்கு முதல்முறை மாதவிடாய் வந்தால் ஒளித்துவைக்க மாட்டோம். குடும்பம் எல்லாம் கூடிக் கொண்டாடுவோம். உங்களிலும் அப்படித்தான் என்று றோஸ் அக்கா சொன்னபோது எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எமிலியாவுக்குச் சித்திரையில் வந்ததாம். வாழ்த்துகள், எமிலியா!"

அவன் கமராவை எமிலியாவின் முகத்துக்குத் திருப்பினான்.

யாரோ ஒரு கிழவர் இருமினார். எமிலியாவின் வகுப்புப் பிள்ளைகள் இருந்த மேசையில் ஒரு பையன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவள் அவனை இடித்தாள். எமிலியாவின் விரல் இன்னும் எழுத்தின் மேல் இருந்தது. அவள் ஜெனுசனைப் பார்க்கவில்லை, அந்தப் பையனைப் பார்க்கவில்லை. றோஸைப் பார்த்தாள். பார்த்தது கொஞ்ச நேரம்தான்.

பிறகு மண்டபத்தை விட்டு நடந்து போனாள். ஹன்னா கையை நீட்டினாள். எமிலியா அந்தக் கையைக் கடந்து போனாள்.

ஹன்னா றோஸிடம் வந்தாள். தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"உனக்குத் தெரியுமா? சித்திரையிலிருந்து?"

"ஓம்."

"எனக்குச் சொல்லவில்லை," என்றாள் ஹன்னா. யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. கன்னம் சிவந்திருந்தது. தன் மகள் தன்னிடம் சொல்லாததை இத்தனை பேருக்கு முன்னால் அறிந்த தாயின் முகம் அது. அந்த முகத்தையும் தானே உண்டாக்கினேன் என்று றோஸ் நினைத்தாள்.

ஹன்னாவின் தாய் கிளாசைத் தூக்கி "மசல் தோவ்!" என்று உரக்க வாழ்த்தினாள். ஒருவர் பாட்டைத் தொடங்கினார். எல்லோரும் தேவைக்கு மேலாகச் சத்தமிட்டுப் பாடினார்கள். நடந்ததை மூடுவதற்காகப் பாடுகிறார்கள் என்று றோஸுக்கு விளங்கியது. சித்தப்பாவின் மேசைக்கு விளங்கவில்லை. அவர்கள் தாளம் தட்டினார்கள்.

"நல்ல கலகலப்பான சனம்," என்றார் சித்தப்பா.

ஜெனிஸ்ரன் றோஸைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"அக்கா, கேளுங்கோ. நான் ஹன்னாவுக்குச் சொல்லிப்போட்டன். அக்காவுக்கு வித்தியாசம் விளங்கேல்லை, ரெண்டும் ஒண்டெண்டு நினைச்சிட்டா எண்டு. எமிலியாவுக்கும் அதைத்தான் சொன்னனான். நீங்கள் இனி ஒண்டும் சொல்லாதையுங்கோ."

"ஜெனி—"

"அக்கா. அப்பிடியே இருக்கட்டும்."

அவன் அவளுக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பழகிய கதவுதான். 'பாவம், அவளுக்கு விளங்கவில்லை.' எத்தனை அலுவலகங்களில் அந்தச் சொல்லின் கீழ் நுழைந்து வெளியே வந்திருக்கிறாள். மீன் வெட்டிய மனுசி, பாஷை தெரியாது, மன்னித்துவிடுவார்கள். அவள் தலையாட்டினாள்.

எமிலியா கோட்டுகள் மாட்டும் அறையில், தொங்கிய கோட்டுகளுக்குக் கீழே நிலத்தில் இருந்தாள். வெள்ளைச் சட்டை. முழங்காலில் முகம். றோஸ் பக்கத்தில் இருக்கப் போனாள். சேலையும் வயதும் விடவில்லை. நின்றாள்.

"பப்பா சொன்னவர்," என்றாள் எமிலியா, தலையைத் தூக்காமல். "உங்களுக்கு வித்தியாசம் தெரியாதாம். நீங்கள் பாட் மிட்ஸ்வா எண்டால் அதுதான் எண்டு நினைச்சனீங்களாம்."

றோஸ் நிலத்தில் விழுந்திருந்த ஒரு கோட்டை எடுத்து மாட்டினாள்.

"அப்பிடியெண்டால் பரவாயில்லை, மாமி. தெரியாமல் செய்தால் பரவாயில்லை."

பிள்ளை முகத்தைத் தூக்கினாள். மூக்கு சிவந்திருந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். றோஸ் ஓம் என்று சொன்னால் எழுந்து வந்து கட்டிப்பிடிப்பாள். அந்த ஒரு சொல் போதும்.

"தெரியும்," என்றாள் றோஸ்.

"என்ன?"

"எனக்கு வித்தியாசம் தெரியும், குஞ்சு. அப்பிடிச் சொன்னால்தான் அவை வருவினம். அதாலை சொன்னனான்."

"சத்தியம் பண்ணினீங்கள்."

"ஓம்."

"எனக்காண்டியா?"

ஓம் என்று சொல்லலாம். பாதி உண்மையும்கூட.

"இல்லை. அந்த மேசையிலை தனிய இருக்க எனக்கு வெக்கமா இருந்தது."

எமிலியா அவளை வெகுநேரம் பார்த்தாள். மண்டபத்தில் பாட்டு முடிந்து கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"எனக்கும் இப்ப வெக்கமா இருக்கு," என்றாள்.

எழுந்தாள். சட்டையின் பின்பக்கத்தைத் தட்டினாள். சற்று நின்று, திரும்பிப் பின்னால் ஒருதரம் பார்த்துக்கொண்டாள், ஏதும் தெரிகிறதா என்று. அந்தப் பார்வையை றோஸ் முன்பு ஒருபோதும் அவளிடம் கண்டதில்லை.

"நான் போய் எல்லாருக்கும் நன்றி சொல்ல வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதாகை கழற்றப்பட்டிருந்தது. சுவரில் ஒட்டுநாடாத் துண்டுகள் மட்டும் இருந்தன. எமிலியா ஒலிவாங்கியைப் பிடித்தாள். துரொண்ட்ஹைம் ஆட்களுக்கு நன்றி சொன்னாள். மால்மோ ஆட்களுக்கு, தாயின் பெற்றோருக்கு, ஆசிரியைக்கு, மம்மாவுக்கு, பப்பாவுக்கு. அந்த வரிசை றோஸுக்குத் தெரியும். சோபாவில் எத்தனையோ தரம் கேட்டது. அடுத்தது அவள். 'என் மாமிக்கு. நான் சொல்லும் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பவர்.' அந்த இடம் வரும்போதெல்லாம் றோஸ் போதும் போதும் என்று கையைக் காட்டுவாள்.

எமிலியா நிறுத்தினாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். தாளை மடித்தாள்.

"ரொம்மனிலிருந்து வந்த அப்பப்பாவின்ரை தம்பிக்கும், அவையின்ரை ஆக்களுக்கும்," என்று தமிழில் சொன்னாள். "வந்ததுக்கு நன்றி."

சித்தப்பா எழுந்து நின்றார். தொப்பி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"எங்கடை பிள்ளை!" என்றார் எல்லோருக்கும் கேட்க. கண்ணைத் துடைத்தார். பிறகு மண்டபத்தைக் குறுக்கே கடந்து போய் ஜெனிஸ்ரனின் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் கையை விடவில்லை. றோஸ் இத்தனை வருடம் பார்க்க ஆசைப்பட்டது அது. பார்த்தாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மேசைத் துணியின் ஓரத்தைப் பார்த்தபடி கண்ணின் ஒரு மூலையால் பார்த்தாள்.

போகும்போது சித்தப்பா அவள் தலையில் கை வைத்தார்.

"நீ சொல்லாட்டி எங்களுக்கு என்னெண்டு தெரியும், பிள்ளை? நல்ல காரியம் செய்தாய். வாற ஞாயிறு பூசை முடிய வீட்டை வா. சின்னம்மா நண்டு காய்ச்சுவா."

"ஓம், சித்தப்பா," என்றாள்.

அவள் போனாள். நண்டு சாப்பிட்டாள். விழாவின் வீடியோவைப் போட்டார்கள். பதாகைக் கட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்ச் சின்னம்மாவுக்குப் பாத்திரம் கழுவிக் கொடுத்தாள்.

"வெட்டிப்போடு அதை," என்று பிறகு ஜெனுசனைத் தனியே பிடித்துச் சொன்னாள். "முழுக்க வெட்டிப்போடு."

"ஏன் அக்கா? அதுதானே மெயின்."

அவள் விளக்கம் சொன்னாள். சுருக்கமாக, தான் என்ன செய்தாள் என்று. அவன் முகம் வெளிறியது. அன்றே அவன் எமிலியாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினான். அவனுக்கு உடனே பதில் வந்தது, ஒரு சிரித்த முகத்தோடு.

முதியோர் இல்லத்தில், கூட வேலை செய்யும் சோமாலியப் பெண் ஒரு காலை கதவைச் சாத்திவிட்டு, "உனக்கு மட்டும் சொல்கிறேன், றோஸ்," என்று தொடங்கினாள்.

"எனக்குச் சொல்லாதே," என்றாள் றோஸ்.

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு இவள் சிரிக்காததைப் பார்த்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

இரண்டு புதன்கிழமைகள் எமிலியா வரவில்லை. மூன்றாவது புதன்கிழமை மணி அடித்தது. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தாள்.

"மம்மா போகச் சொன்னவா," என்றாள்.

றோஸ் சோறு போட்டாள். எமிலியா சாப்பிட்டாள். முழுவதும் சாப்பிட்டாள். நல்லாயிருக்கு என்றாள். சாப்பிட்டபடியே கதைத்தாள். முன்பு போல நிறையக் கதைத்தாள்.

"மாமி, எனக்குக் கணக்கிலை கூடின புள்ளி. இது சொல்லலாம்."

றோஸின் கை கறிச்சட்டியில் நின்றது.

"கோடைக்குக் கோப்பன்ஹேகன் போறம். இதுவும் சொல்லலாம். ஆருக்கும் சொல்லலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கேலியாகவும் இல்லை. வீட்டுக்குள் வந்ததும் சப்பாத்தைக் கழற்றுவதைப் போல, செய்ய வேண்டிய ஒன்றைச் செய்தாள். றோஸ் இன்னும் கொஞ்சம் பருப்பு விட்டாள். போதும் என்று பிள்ளை கையை விரித்துக் காட்டினாள்.

எமிலியாவின் தொலைபேசி அதிர்ந்தது. பார்த்தாள். முகம் மாறியது. நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று றோஸால் சொல்ல முடியவில்லை. பிள்ளை எழுந்து பல்கனிக்குப் போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு கதைத்தாள். கதவு முழுதாகப் பொருந்தவில்லை. அது எப்போதும் பொருந்தாது. ஒன்றிரண்டு சொற்கள் உள்ளே வந்தன.

றோஸ் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். முழுவதும் திறந்தாள். கழுவ ஒன்றும் இருக்கவில்லை. கையைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு நின்றாள்.